ஹியரிங் கேட்டால் கிடைத்துவிடாது

கைதாகி வெளியே வந்து எங்கள் அலுவலகத்துக்கு வரும் நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரிதான். "அவங்க காரைத் தேடினதே தப்பு. அப்போ கேஸ் நிக்காதுல்ல?" நிற்கலாம், நிற்காமலும் போகலாம். அதைப் பேசுவதற்கு முன்னால் தாண்ட வேண்டிய கட்டம் ஒன்று இருக்கிறது. போலீஸ்காரரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, சத்தியப் பிரமாணம் வாங்கி, ஏன் நிறுத்தினீர்கள், எதைப் பார்த்துத் தேடினீர்கள் என்று நம் வக்கீல் கேட்கும் ஒரு விசாரணை, ட்ரயலுக்கு முன்னால், ஜூரி இல்லாமல், நீதிபதி முன்னிலையில் நடக்க வேண்டும். அதைத்தான் இங்கே சப்ரெஷன் ஹியரிங் என்கிறார்கள். சட்டத்தை மீறி எடுத்த பொருளையோ வாக்குமூலத்தையோ ட்ரயலில் காட்டக் கூடாது என்று ஒதுக்கிவைக்கச் சொல்லிக் கேட்பது. சிக்கல் என்னவென்றால், கேட்ட எல்லாருக்கும் அந்த ஹியரிங் கிடைக்காது. மனுவைப் படித்துப் பார்த்துவிட்டு, இதில் விசாரிக்க ஒன்றுமே இல்லை என்று நீதிபதி ஒரே வரியில் தள்ளிவிடலாம். அப்படித் தள்ளிவிட்டால் அந்த அதிகாரியை ட்ரயலுக்கு முன்னால் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை.

நான் அமெரிக்காவில், நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் ஒரு சின்ன கிரிமினல் டிஃபென்ஸ் அலுவலகத்தில் பாராலீகலாக இருக்கிறேன். வக்கீல் இல்லை. மனுவுக்கு முதல் வரைவு எழுதுவது, போலீஸ் உடையில் மாட்டியிருக்கும் பாடி கேமராவின் வீடியோவை மணிக்கணக்காக உட்கார்ந்து பார்ப்பது, தமிழ் பேசும் கட்சிக்காரர்களிடம் நடந்ததைக் கேட்டு எழுதிக்கொள்வது, இதெல்லாம் என் வேலை. கீழே சொல்வது நியூயார்க் மாநிலத்துக்கான கதை, கொஞ்சம் மத்திய அரசின் ஃபெடரல் கோர்ட்டும் வரும். வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் வக்கீலைக் கேளுங்கள். ஆட்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

முதலில் பெயர்கள், ஏனென்றால் கோர்ட் வராந்தாவில் வக்கீல்கள் இந்தப் பெயர்களிலேயே பேசுவார்கள், கேட்பவருக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. பொருளை ஒதுக்கக் கேட்டால் மேப் ஹியரிங். 1957இல் கிளீவ்லண்ட் நகரில் டாலரி மேப் என்ற பெண்ணின் வீட்டுக்கு, குண்டுவெடிப்பு சம்பந்தமாக ஒருவரைத் தேடி வந்த போலீஸ், வாரன்ட் என்று ஒரு தாளை ஆட்டிக் காட்டி உள்ளே புகுந்து வீட்டைப் புரட்டிப் போட்டார்கள். தேடி வந்த விஷயத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஆபாசப் புத்தகங்களை எடுத்து அவர் மேல் கேஸ் போட்டார்கள். அந்த வாரன்ட் கடைசிவரை கோர்ட்டுக்கு வரவே இல்லை. 1961இல் உச்ச நீதிமன்றம், இப்படி எடுத்த சான்று மாநிலக் கோர்ட்டுகளிலும் செல்லாது என்றது. ஃபெடரல் கோர்ட்டுகளுக்கு அந்த விதி 1914லேயே வந்துவிட்டது. வாக்குமூலத்தை ஒதுக்கக் கேட்டால் ஹன்ட்லி ஹியரிங், சாட்சி அடையாளம் காட்டிய விதத்தைக் கேள்வி கேட்டால் வேட் ஹியரிங், கைதே காரணமில்லாமல் நடந்தது, அதனால் வந்த எல்லாமே போக வேண்டும் என்றால் டனவே ஹியரிங். ஒரே நாளில் ஒரே அதிகாரியை வைத்து இவற்றில் மூன்றைச் சேர்த்து நடத்துவதும் உண்டு.

இந்த நான்கையும் கோர்ட் ஒரே மாதிரி நடத்துவதில்லை என்பதுதான் முக்கியம். நியூயார்க் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 710.60 என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஹன்ட்லிக்கும் வேட்டுக்கும் நீங்கள் உண்மை விவரங்களை அடுக்க வேண்டிய அவசியமில்லை, வாக்குமூலம் விருப்பத்தோடு தரப்படவில்லை என்று சொன்னாலே போதும், நீதிபதி அதை விவரம் போதாது என்று தள்ள முடியாது. மேப்புக்கும் டனவேக்கும் அப்படி இல்லை. பிரமாணத்தின் பேரில் சொன்ன உண்மைகள் மனுவில் இருக்க வேண்டும், அந்த உண்மைகளை அப்படியே ஏற்றுக்கொண்டால் தேடல் தப்பு என்று ஆக வேண்டும். இல்லையென்றால் தள்ளுபடி.

இதில் எவ்வளவு விவரம் வேண்டும் என்பதற்கு மாநிலத்தின் உச்ச மன்றமான கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ் 1993இல் மென்டோசா வழக்கில் ஒரு அளவுகோல் வைத்தது. எங்கள் அலுவலகத்தில் இந்த வழக்கின் பெயர் அடிபடாத வாரம் கிடையாது. நீதிபதி பார்ப்பது மூன்று விஷயங்கள்: மனுவில் என்ன எழுதியிருக்கிறது, அரசுத் தரப்பு சொல்லும் கதையோடு வைத்துப் பார்க்கும்போது அது எதற்காவது பதில் சொல்கிறதா, இதைவிட அதிகமாகத் தெரிந்துகொள்ள குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழி இருந்ததா. இரண்டாவதில்தான் முக்கால்வாசி மனுக்கள் விழுகின்றன. உதாரணமாக, மாறுவேடத்தில் வந்த போலீஸுக்குப் போதைப்பொருள் விற்றதாகக் கேஸ் என்று வையுங்கள். "நான் சும்மா தெருவில் நின்றிருந்தேன், எந்தத் தப்பும் செய்யவில்லை, பிடித்துவிட்டார்கள்" என்று எழுதினால் போதாது. அவர்கள் உங்களைப் பிடித்தது தெருவில் நின்றதற்காக இல்லையே, விற்றதற்காக. நீங்கள் விற்கவே இல்லை என்று மறுக்க வேண்டும், அல்லது வேறு ஏதாவது அடிப்படை காட்ட வேண்டும். கேட்காத கேள்விக்குப் பதில் எழுதிவிட்டு, கேட்ட கேள்வியை விட்டுவிட்ட மாதிரி ஆகிவிடும்.

இப்போது ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். தென் மாவட்டத்துக்காரன், இங்கே ஓர் உணவகத்தில் வேலை, நண்பனின் காரை இரவு ஓட்டி வந்தபோது நிறுத்தப்பட்டான். பின்சீட்டில் இருந்த பையிலிருந்து, டாக்டர் சீட்டு இல்லாமல் வைத்திருக்கக் கூடாத வலி மாத்திரைகள். ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய், கோர்ட்டுக்கு வர வேண்டிய தேதி போட்ட டெஸ்க் அப்பியரன்ஸ் டிக்கெட் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஊரிலிருந்து அவன் அப்பா வாட்ஸப்பில் கூப்பிட்டு, "எப்படியாவது ஃபைனோட முடிச்சி விட்ரும்மா, புள்ள வேலைக்குப் போகணும்" என்றார். அவர் கவலை புரிகிறது. ஆனால் போதைப்பொருள் சம்பந்தப்பட்ட தண்டனை என்றால், சொந்தப் பயனுக்கு 30 கிராமுக்குள் கஞ்சா ஒரே ஒருமுறை வைத்திருந்த கேஸ் தவிர, கிரீன் கார்டு வைத்திருப்பவரையே நாடு கடத்த அது போதும். வெறும் ஃபைன் என்று நினைத்து ஒப்புக்கொண்டு, பிறகு விசா புதுப்பிக்கப் போகும்போது தலையில் கைவைத்து உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். 2010இல் பதில்லா வழக்கிலிருந்து, குற்றத்தை ஒப்புக்கொள்வதால் குடியேற்ற நிலைக்கு என்ன ஆகும் என்று கட்சிக்காரரிடம் சொல்ல வேண்டியது கிரிமினல் வக்கீலின் கடமை. சொல்லவில்லையென்றால் நீங்களே கேளுங்கள்.

பையனிடம் நடந்ததைச் சொல்லச் சொன்னேன். அவன் தொடங்கியது இப்படி: "அக்கா, நான் அப்படிப்பட்ட ஆளே இல்ல. நீங்க எங்க ஊர்ல யாரை வேணா கேளுங்க."

நம் ஆட்களிடம் இது எப்போதும் நடக்கும். நான் நல்லவன் என்று நிரூபிப்பதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். இந்த மனுவுக்கு நீங்கள் நல்லவரா கெட்டவரா என்பது தேவையே இல்லை. போலீஸ் என்ன செய்தார்கள் என்பதுதான் தேவை. அதனால் நான் குறுக்கே புகுந்து சின்னச் சின்னக் கேள்விகளாகக் கேட்பேன். எந்த லேனில் போனீர்கள், விளக்கு எரிந்ததா, சைரன் எப்போது கேட்டது, லைசென்ஸ் கேட்டபோது கை எங்கே இருந்தது, திருப்பிக் கொடுத்தாரா இல்லையா, யார் கதவைத் திறந்தது, எந்தக் கதவு, பையின் ஜிப் திறந்திருந்ததா மூடியிருந்ததா. இவனுக்கு ஜிப் நன்றாக நினைவிருந்தது. "அது சிக்கும்க்கா, பாதியில நிக்கும், ரெண்டு கை போட்டு இழுத்தாதான் வரும். அவரு இழுத்துகிட்டு இருந்ததைப் பார்த்தேன்." போலீஸ் புகாரிலோ, காரின் கண்ணாடி வழியாகப் பார்த்தபோதே திறந்த பையில் மாத்திரைப் பாட்டில் தெரிந்தது என்று இருந்தது. அந்த ஜிப் எங்களுக்குப் பத்து சட்ட மேற்கோளுக்குச் சமம்.

அடுத்து அவன் தயங்கித் தயங்கிச் சொன்னது: "அக்கா, அந்தப் பையே என்னுது இல்லன்னு அவங்ககிட்ட சொல்லிட்டேன்." இதுவும் எல்லாரும் செய்வதுதான். போலீஸ் எதையாவது தூக்கிக் காட்டினால் என்னுடையது இல்லை என்பதுதான் வாயில் முதலில் வரும். ஆனால் உங்களுடையது இல்லை என்றால், அதைத் தேடியதைப் பற்றிக் குறை சொல்ல உங்களுக்கு என்ன உரிமை என்று கோர்ட் கேட்கும். தேடப்பட்ட இடத்திலோ பொருளிலோ உங்களுக்கென்று அந்தரங்க உரிமை இருந்தது என்று காட்ட வேண்டும், அடுத்தவர் வீட்டைத் தேடியதற்காக நீங்கள் மனுப் போட முடியாது. நல்லவேளையாக இவன் கார் சொந்தக்காரரின் அனுமதியோடு ஓட்டியவன், ஆகவே காருக்குள் தேடியதைக் கேள்வி கேட்க அவனுக்கு இடம் இருந்தது. காரை நிறுத்தியதே தப்பு என்று சொல்வதென்றால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவர்கூடச் சொல்லலாம், 2007இல் உச்ச நீதிமன்றம் பிரென்ட்லின் வழக்கில் அதைத் தெளிவாக்கிவிட்டது. இன்னொன்று, காரில் கிடைத்தது காரில் இருந்த எல்லாருடையதும்தான் என்ற சட்ட அனுமானத்தை மட்டும் வைத்து உங்கள் மேல் கேஸ் போட்டிருந்தால், நியூயார்க்கில் இந்த உரிமைக் கேள்வியே எழாது. என்னுடையது என்று சட்டம் சொல்லலாம், ஆனால் நான் அதைக் கேள்வி கேட்கக் கூடாது என்றால் அது நியாயமில்லை அல்லவா, 1987இல் கோர்ட் ஆஃப் அப்பீல்ஸும் அதைத்தான் சொன்னது.

சரி, ஹியரிங்குக்காக என்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அதையே ட்ரயலில் எடுத்து என் மேல் வீசினால்? இந்தப் பயத்தில்தான் பலர் வக்கீலிடம்கூட வாய் திறப்பதில்லை. சப்ரெஷன் கேட்பதற்காக நீங்கள் சொன்னதை, குற்றத்தை நிரூபிக்க உங்களுக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்று 1968இலேயே சிம்மன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் ஹியரிங்கில் ஒன்று சொல்லி, ட்ரயலில் கூண்டேறி அதற்கு நேர்மாறாகச் சொன்னால், பழையதைக் காட்டி மடக்கப் பார்ப்பார்கள், பல கோர்ட்டுகள் அதற்கு இடம் கொடுத்திருக்கின்றன. ஆகவே வக்கீல் இல்லாமல் ஒரு வரி கூட எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள். நியூயார்க்கில் இன்னொரு வசதியும் இருக்கிறது. 2006இல் வந்த பர்ட்டன் வழக்குப்படி, என் பாக்கெட்டில் இருந்தது என்று நீங்களே ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை, உங்கள் பாக்கெட்டிலிருந்து எடுத்ததாகப் போலீஸே எழுதியிருப்பதைச் சுட்டிக்காட்டினால் போதும். மாநிலக் கோர்ட்டில் வக்கீலே, கட்சிக்காரர் சொல்லி அறிந்தேன் என்று மூலத்தைக் குறிப்பிட்டுப் பிரமாணம் கொடுக்கலாம். இதனால் கட்சிக்காரரின் கையெழுத்து வெளியில் போகாமலேயே விஷயத்தைச் சொல்ல முடிகிறது.

எங்கள் மனுவில் போன விவரம் ஏறக்குறைய இப்படி இருந்தது. வேலை முடிந்து நண்பரின் காரை அவர் சம்மதத்தோடு ஓட்டி வந்தார். பின்விளக்குகள் இரண்டும் எரிந்தன. கேட்டவுடன் லைசென்ஸும் காரின் காகிதங்களும் கொடுத்தார். பை மூடியிருந்தது, வெளியிலிருந்து உள்ளே இருப்பது தெரியாது. அதிகாரி பின்கதவைத் தானே திறந்து, ஜிப்பை இழுத்துத் திறந்தார். தேட அவர் சம்மதிக்கவில்லை. அவ்வளவுதான், ஒரு பக்கம் கூட இல்லை. ஒவ்வொரு வரியும் போலீஸ் புகாரில் இருந்த ஏதோ ஒரு வரிக்கு எதிரே நிற்கிறது.

இதோடு ஒப்பிட, வேறொரு வக்கீலிடமிருந்து எங்களிடம் மாறி வந்த ஒருவரின் பழைய மனுவைப் பார்த்தேன். ஏழெட்டுப் பக்கம், பாதிக்கு மேல் தீர்ப்புகளின் மேற்கோள். கட்சிக்காரரைப் பற்றி இருந்தது ஒரே வாக்கியம்: போதிய காரணமின்றிக் கைது செய்யப்பட்டு, சட்டவிரோதமாகச் சோதனையிடப்பட்டார். இது உண்மை விவரம் இல்லை, முடிவு. எப்படி, எங்கே, யார் என்று ஒன்றுமே இல்லை. எந்தக் கேஸுக்கும் பெயரை மாற்றி ஒட்டிக்கொள்ளலாம், ஒட்டித்தான் இருப்பார்கள் போல. மேப் ஹியரிங் மறுக்கப்பட்டிருந்தது. திரும்பக் கேட்கப் போனபோது, இந்த விவரமெல்லாம் உங்கள் கட்சிக்காரருக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்ததுதானே, அப்போதே ஏன் சொல்லவில்லை என்று நீதிபதி கேட்டார். நியாயமான கேள்வி, எங்களிடம் பதில் இல்லை. அந்த மனிதர் கடைசியில் ஒப்புக்கொண்டு முடித்தார். அவர் கதை எங்கள் பையனின் கதையைவிட வலுவானது என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

நாள் கணக்கும் முக்கியம். குற்றச்சாட்டை வாசித்துக் காட்டும் அரெய்ன்மென்ட் முடிந்து 45 நாளுக்குள் இந்த மனுக்களைப் போட வேண்டும், கோர்ட் நீட்டித்தால் ஒழிய. வாக்குமூலத்தைப் பயன்படுத்தப்போகிறோம் என்று அரசுத் தரப்பு 15 நாளுக்குள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அந்தத் தாளைத் தொலைத்துவிடாமல் வக்கீலிடம் கொண்டுபோய்க் கொடுங்கள், ஏனென்றால் அது வந்துவிட்டால் ஹன்ட்லி ஹியரிங் ஏறக்குறைய உறுதி, அதே அதிகாரி எப்படியும் வந்து உட்காரப்போகிறார். மேப் மனுவில் விவரம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும், தள்ளியே தீர வேண்டும் என்று சட்டம் நீதிபதியைக் கட்டாயப்படுத்தவில்லை, வருகிற சாட்சியிடமே இதையும் கேட்டுவிடலாம் என்று சேர்த்துப் போடலாம் என மென்டோசா தீர்ப்பிலேயே இருக்கிறது. எங்கள் வக்கீல் இதை விடவே மாட்டார். பையன் ஸ்டேஷனில் ஏதோ இரண்டு வார்த்தை சொன்னதாக அறிவிப்பு வந்திருந்தது. அது எங்களுக்குக் கெடுதலாக வந்த காகிதம்தான், ஆனாலும் அவர் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

2020 ஜனவரியிலிருந்து பாடி கேமரா வீடியோ, போலீஸ் அறிக்கைகள் எல்லாம் நாம் தனியாகக் கேட்காமலேயே அரசுத் தரப்பு தர வேண்டும் என்று சட்டம் மாறியது. அதற்கு முன்னால் பல கேஸ்களில் இருட்டில் தடவிக்கொண்டே மனு எழுதினோம். இப்போது அதற்கு நேர் எதிரான ஒரு தொல்லை: வீடியோ கையில் இருக்கும்போது, எனக்குத் தெரிய வழியில்லை என்று சொல்ல முடியாது. வீடியோவில் தெரிவதற்கும் மனுவில் இருப்பதற்கும் முரண் இருந்தால் அதோடு கதை முடிந்தது. ஆகவே கட்சிக்காரர் சொன்னதை முதலில் எழுதிக்கொள்கிறேன், அப்புறம்தான் வீடியோ போடுகிறேன், முரண் இருந்தால் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டுகிறேன். நினைவு தப்பும், அது பொய் ஆகாது, ஆனால் மனுவில் போனால் பொய் மாதிரி ஆகிவிடும்.

நீதிபதி மேப், ஹன்ட்லி, டனவே மூன்று ஹியரிங்கையும் சேர்த்து உத்தரவிட்டார். நடந்த அன்று பையனுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருந்தது. கிரிமினல் கேஸில் இது இலவசம், ஆனால் வக்கீல் முன்கூட்டியே, தமிழ் என்று பெரிய எழுத்தில் கேட்டு வைக்க வேண்டும். தமிழ் என்று எழுதிக் கொடுத்த பிறகும் இந்தி மொழிபெயர்ப்பாளர் வந்து நின்று வாய்தா வாங்க வேண்டி வந்ததுண்டு. எனக்கு ஓரளவு இங்கிலீஷ் வரும், சமாளித்துக்கொள்கிறேன் என்று பெருமைக்குச் சொல்லாதீர்கள். அதிகாரி சொல்வதில் ஒரு சொல் பிசகினால் பக்கத்தில் இருக்கும் வக்கீலின் காதில் போட வேண்டியவர் நீங்கள்தான்.

ஹியரிங் என்றால் சினிமாவில் வருகிற மாதிரி எதுவும் இல்லை. காலியான கோர்ட் அறை, ஒரு அதிகாரி, அரசுத் தரப்பு வக்கீலான டி.ஏ., எங்கள் வக்கீல், தட்டச்சு செய்பவர். முதலில் அரசுத் தரப்பு, போலீஸ் செய்தது சட்டப்படிதான் என்று காட்டத் தொடங்க வேண்டும், அதற்காகத்தான் அதிகாரி வருகிறார். காட்டிவிட்டால் அது தப்பு என்று நிறுவும் பாரம் நம் தலையில். வாக்குமூலத்துக்கு மட்டும், அது விருப்பத்தோடு தரப்பட்டது என்று ஐயமற அரசுத் தரப்பு நிறுவ வேண்டும். கேள்விப்பட்ட சாட்சியமும் இங்கே செல்லும். பையன் கூண்டேறவில்லை, ஏற வேண்டிய கட்டாயமும் இல்லை.

அதிகாரி இப்போது, பாட்டில் வெளியில் தெரிந்தது என்ற கதையைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டார். வீடியோவில் ஜிப் இழுக்கும் சத்தமே கேட்டதால் வேறு வழியில்லை. காரைப் பார்க்கலாமா என்று கேட்டேன், பையன் தலையாட்டினான், அதனால் தேடினேன் என்றார். வீடியோவில் அந்த நொடி இருக்கிறது. பையன் தலை இரண்டு பக்கமும் மெதுவாக ஆடுகிறது, நாம் எல்லாரும் ஆட்டுகிற மாதிரி, கேட்டுக்கொண்டிருக்கிறேன் சொல்லுங்க என்கிற ஆட்டம். ஒரு அமெரிக்கருக்கு அது ஆம் என்றும் தெரியலாம், இல்லை என்றும் தெரியலாம். நீதிபதி அதை இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்தார். சம்மதம் கொடுத்தார் என்று காட்டும் பாரம் அரசுத் தரப்புக்கு, அது கனமான பாரம் என்றே தீர்ப்புகள் சொல்கின்றன. எங்கள் வக்கீல் இதற்காக நிறையத் தயார் செய்துகொண்டு போயிருந்தார்.

ஆனால் கேஸ் திரும்பியது வேறு இடத்தில். குறுக்கு விசாரணையில் அவர் சாதாரணமாக, "எதற்காக அனுமதி கேட்டீர்கள்?" என்றார். அதிகாரி, "பதற்றமாக இருந்தார்" என்றார். வேறு ஏதாவது? இல்லை. கஞ்சா வாசம்? இல்லை. (2021 மார்ச்சில் கஞ்சா சட்டபூர்வமானதிலிருந்து, வாசம் வந்தது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு தேட முடியாது, குடித்தோ புகைத்தோ ஓட்டுகிறாரா என்று பார்க்கும் சூழல் தவிர.) நியூயார்க்கில் காரை நியாயமாக நிறுத்தியிருந்தாலும், ஆயுதம் இருக்கிறதா, தேடட்டுமா என்றெல்லாம் கேட்பதற்கே ஏதாவது அடிப்படையுள்ள சந்தேகம் வேண்டும், பதற்றம் மட்டும் அதற்குப் போதாது என்று 2012இல் கார்சியா வழக்கில் கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ் சொல்லியிருக்கிறது. எழுத்தில் வந்த உத்தரவில் நீதிபதி தலையாட்டலைப் பற்றி முடிவே சொல்லவில்லை. சம்மதமே தந்திருந்தாலும் கேட்டது தப்பு என்று மாத்திரைகளை ஒதுக்கிவிட்டார். நடுராத்திரியில் போலீஸ் நிறுத்தினால் யார்தான் பதறமாட்டார்கள்? அந்த "பதற்றமாக இருந்தார்" எந்த அறிக்கையிலும் இல்லை. கூண்டில் ஏற்றிக் கேட்டதால்தான் வந்தது. மாத்திரை போனபின் அரசுத் தரப்பிடம் வேறு சான்று இல்லை, கேஸ் தள்ளுபடி ஆனது.

எல்லாமே இப்படி முடியும் என்று எண்ண வேண்டாம். ஹியரிங் கிடைத்தும் தோற்றவைதான் அதிகம், அதிகாரியின் சாட்சியத்தை நம்பத்தக்கது என்று நீதிபதிகள் ஏற்றுக்கொள்வது வழக்கம். ஆனால் தோற்ற ஹியரிங்கிலும் கையில் ஒன்று மிஞ்சும், அதிகாரி பிரமாணத்தின் பேரில் சொன்னதன் எழுத்துப் பிரதி. அதை வைத்து டி.ஏ.யோடு பேசிக் கேஸைக் குறைத்த அனுபவம் எங்களுக்கு உண்டு. குடித்துவிட்டு ஓட்டிய கேஸ்களில் மூச்சுப் பரிசோதனைக்கு மறுத்திருந்தால் மோட்டார் வாகனத் துறை தனியாக ஒரு விசாரணை நடத்தும், 15 நாளுக்குள். லைசென்ஸ் எப்படியும் போகத்தானே போகிறது என்று பலர் போவதில்லை. அங்கே அதிகாரி பேசுவது பதிவாகிறது, பிறகு சப்ரெஷன் ஹியரிங்கில் அதே ஆள் வேறு மாதிரிச் சொன்னால் எடுத்துக் காட்டலாம். வக்கீலோடு போங்கள்.

ஃபெடரல் கோர்ட்டைப் பற்றிச் சுருக்கமாக. அங்கே இன்னும் கடினம். எங்கள் பக்கத்து ஃபெடரல் கோர்ட்டுகளில், மனு திட்டவட்டமாக, விவரமாக, ஊகமில்லாமல் இருக்க வேண்டும், நேரில் அறிந்தவரின் பிரமாணப் பத்திரம் வேண்டும், வக்கீல் தானாக எழுதிக் கொடுத்தால் போதாது. பெரும்பாலும் அது குற்றம் சாட்டப்பட்டவரே கையெழுத்திட வேண்டியது. போலீஸிடம் வாரன்ட் இருந்தால் இன்னும் ஒரு மலை. வாரன்ட் வாங்க அதிகாரி கொடுத்த பிரமாணத்தில் வேண்டுமென்றே பொய் இருந்தது, அல்லது உண்மையா என்று கவலைப்படாமலே எழுதினார் என்று காட்ட வேண்டும். 1978இல் வந்த வழக்கின் பெயரால் இதை ஃப்ராங்க்ஸ் ஹியரிங் என்கிறார்கள். எந்த வரி பொய் என்று சுட்டி, சாட்சிகளின் பிரமாணங்களோடு போக வேண்டும். அந்த வரியை நீக்கிவிட்டாலும் மிச்சமே வாரன்டுக்குப் போதும் என்றால் ஹியரிங் கிடையாது. தவறுதலாக எழுதிவிட்டார், கவனக்குறைவு என்பதெல்லாம் போதாது. கிடைத்தவர்கள் மிகக் குறைவு.

கடைசியாக ஒப்புக்கொள்வதைப் பற்றி. ஹியரிங்கில் தோற்றபின் குற்றத்தை ஒப்புக்கொண்டாலும், நியூயார்க்கில் அந்தச் சப்ரெஷன் உத்தரவை மேல்முறையீட்டில் கேள்வி கேட்கலாம், சட்டமே அப்படி இடம் கொடுக்கிறது. ஆனால் சமரசப் பேரத்தில் மேல்முறையீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்ற வரியும் அடிக்கடி சேர்ந்தே வரும், அதை முறைப்படி ஒப்புக்கொண்டுவிட்டால் சப்ரெஷன் விஷயமும் அதோடு போய்விடும். ஃபெடரலில் இது இன்னும் இறுக்கம், நிபந்தனையோடு ஒப்புக்கொள்வதாக எழுத்தில் வாங்க வேண்டும், அரசுத் தரப்பும் கோர்ட்டும் சம்மதிக்க வேண்டும். நீதிபதி வரிசையாகக் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் யெஸ் யெஸ் என்று சொல்லிக்கொண்டே போகும் இடம் அதுதான், மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருந்தாலும் கூட. முந்தைய நாளே வக்கீலிடம் கேளுங்கள், இதில் அப்பீல் வெய்வர் இருக்கிறதா, அதை எடுக்கச் சொல்லிப் பார்த்தீர்களா என்று.